லோடு ஓடும்போது தெரியும் மின்தடை

மின் பராமரிப்புக்குப் புதிதாக வருகிற பையன்களிடம் ஓம் விதியைக் கேட்டால் தடங்கலில்லாமல் சொல்லிவிடுவார்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன். ஆனால் பேனல் முன்னால் நின்றதும் சப்ளையை நிறுத்தி, மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி, வரும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். லோடு, அதாவது மின்சாரம் எடுக்கும் கருவி, ஓடும்போதே வோல்டேஜையும் கரண்டையும் அளந்து கணக்குப் போடுங்கள் என்று நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

ஒருமுறை ஹீட்டர் பேனல் ஒன்றில் கருகல் வாடை. ஹீட்டருக்குச் சப்ளையை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டரின் ஒரு டெர்மினல் அருகே ஒயர் பழுப்பேறியிருந்தது. சப்ளையை நிறுத்தி, கான்டாக்டரைக் கையால் அழுத்திப் பிடித்து ஓம் பார்த்தால், மூன்று பேஸிலும் 0.3 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலும் அதே 0.3தான். மீட்டர் காட்டியது தன்னுடைய ஒயரின் தடையை.

சப்ளை கொடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, கான்டாக்டருக்கு உள்ளே வரும் லக்கிலும் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வெளியே போகும் லக்கிலும் மீட்டரை வைத்தோம். இரண்டு பேஸில் 50 மில்லிவோல்ட் அளவில்தான் இறக்கம். மூன்றாவதில் 2 வோல்ட். ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 40 ஆம்பியர். 2-ஐ 40-ஆல் வகுத்தால் 0.05 ஓம், கேட்பதற்கு ஒன்றுமில்லாத தடை. பெருக்கிப் பார்த்தால் 80 வாட்! சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி மூன்றை அந்தச் சின்ன இடத்தில் சொருகி வைத்த மாதிரி. திருகைக் கழற்றியபோது லக் உட்காரும் இடம் கறுத்துக் கிடந்தது. லக்கை மாற்றி, இடத்தைச் சுத்தம் செய்து இறுக்கிய பிறகு அந்த பேஸும் 50 மில்லிவோல்ட்டுக்கு வந்தது. 230 வோல்ட்டில் 2 வோல்ட் குறைந்தது ஹீட்டருக்குத் தெரியவே தெரியாது; டெர்மினல்தான் வெந்தது.

பழைய குண்டு பல்பு இன்னும் தெளிவாகக் காட்டும். 230 வோல்ட், 60 வாட் பல்பு எரியும்போது எடுப்பது 0.26 ஆம்பியர். வகுத்தால் 880 ஓம் சொச்சம். அதையே அணைத்து ஆறவிட்டு ஓம் மீட்டரில் பாருங்கள், அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. டங்ஸ்டன் சூடேறச் சூடேறத் தடை ஏறுகிறது. ஆறிய தடையை வைத்துத் திறன் போட்டால் 60 வாட் பல்பு 800 வாட் தின்பதாக விடை வரும். ஹீட்டரின் நிக்ரோம் கம்பியில் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. சில சதவீதம்தான்.

ஹீட்டரில் கவனிக்க வேண்டியது வேறு. 230 வோல்ட்டுக்கு 2000 வாட் என்று எழுதியிருந்தால் தடை 26.5 ஓம். வோல்டேஜ் 207-க்கு இறங்கினால் கரண்டும் கூடவே இறங்கும்; திறன் 1620 வாட்தான். வோல்டேஜில் 10 சதவீதம் போனால் சூட்டில் 19 சதவீதம் போகிறது. “சூடு ஏற நேரமாகிறது” என்று ஆபரேட்டர் சொன்னால், எலிமென்டைக் கழற்றுவதற்கு முன்னால் லோடில் வோல்டேஜைப் பாருங்கள்.

மோட்டாரில் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 1150 வருகிறது, அது வோல்ட்-ஆம்பியர். அதில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் என்று சொல்லும் பவர் ஃபேக்டர் 0.8 என்றால் உண்மையில் உள்ளே போவது 920 வாட். வகுத்து வருகிற 46 ஓமும் காயிலின் தடை அல்ல, மின்மறுப்பு (impedance), அதாவது ஓடும் மோட்டார் ஏசி கரண்டுக்குக் காட்டும் மொத்த எதிர்ப்பு. அதை வைத்து வைண்டிங் நல்லதா கெட்டதா என்று முடிவு கட்ட முடியாது.