கயிறு இறங்க, நான் ஏற: ஒரு ரெசிடென்சி நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

சர்க்கஸில் கயிறு ஏறுவது என் வேலை. புதுப் படைப்பு ஒன்றை உருவாக்க இங்கே ரெசிடென்சிக்கு வந்திருக்கிறேன்; கலைஞரைத் தங்கவைத்து வேலை செய்யக் கூடம் கொடுக்கும் ஏற்பாடு அது. கூரை ஒன்பது மீட்டர். படிவத்தில் பத்து என்று போட்டிருந்தார்கள். உத்தரத்தின் அடிப்பக்கம்வரை அளந்தால் ஒன்பதுதான் வருகிறது. போகட்டும், எனக்கு அதுவே தாராளம். புது இடத்துக்குப் போனால் நடனக்காரர்கள் முதலில் தரையைத் தட்டிப் பார்ப்பார்கள். கயிற்றுக்காரர்கள் அண்ணாந்து பார்ப்போம். உத்தரம் எங்கே ஓடுகிறது, எவ்வளவு தாங்கும், அதற்கு யார் சான்று கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் படுக்கை எங்கே, குளியலறை எங்கே என்ற விசாரணை.

கொண்டுவந்திருப்பது ஒரே ஒரு யோசனை. நான் கயிற்றில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு அதே வேகத்தில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நான் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில், விடாமல் ஏறியபடி, அங்கேயே இருப்பேன். குட்டிக்கரணம் கிடையாது. உச்சியிலிருந்து உருண்டு விழுந்து கடைசி நொடியில் நிற்கும் டிராப்பும் கிடையாது. கைதட்டல் எந்த இடத்தில் வரும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இதைப் பயிற்சிக்கூடத்திலேயே செய்யக்கூடாதா என்று கிளம்பும்போது கேட்டார்கள். அங்கே மணிக்கணக்கில் வாடகை; அடுத்த குழு வாசலில் நிற்கும். எல்லாரும் கையிலிருக்கும் ஐட்டத்தை மெருகேற்றத்தான் வருகிறார்கள்: ஏழு நிமிடம், ஒரு பாட்டு, கடைசியில் பெரிய வித்தை ஒன்று. சோறு போடுவது அந்த ஏழு நிமிடம்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கேயே கிடந்தால் அடுத்த ஐட்டம் முதல் ஐட்டத்தின் தங்கச்சியாகத்தான் பிறக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

கயிறு, கப்பி எல்லாம் உத்தரத்தில் கட்டித்தரும் ரிக்கர் காலையிலேயே ஏணியோடு வந்துவிட்டார். யோசனையைச் சொன்னேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுவிட்டு, "சாமான் தூக்குற வின்ச்சுல ஆளைத் தொங்கவிட மாட்டேன், அதை இப்பவே சொல்லிடறேன்" என்றார். வின்ச் என்பது கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார். ஆளைத் தூக்க அனுமதி பெற்றது தனி ரகம். ஒரு பிரேக் கைவிட்டால் பிடிக்க இரண்டாவது பிரேக் இருக்கும், பாதுகாப்பு வரம்பும் கூடுதல், விலையும் அப்படியே. இங்கே அது இல்லை.

அரைமணி நேரம் தாளில் கிறுக்கியதில் வழி கிடைத்தது. உத்தரத்தில் ஒரு கப்பி. என் பருத்திக் கயிற்றின் தலையில் மெல்லிய, நீளாத கயிறு ஒன்றைப் பூட்டி, அதைக் கப்பி வழியாகத் தரைக்குக் கொண்டுவந்து ஒரு டிசெண்டரில் மாட்டுவது. குகைக்குள் இறங்குகிறவர்களும் உயரக் கட்டடங்களில் தொங்கி வேலை செய்கிறவர்களும் வைத்திருக்கும் அதே கருவி: கைப்பிடியை இழுத்தால் கயிறு நழுவும், விட்டுவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தனியாக ஒரு காப்புக் கயிறு. ஆக, இறக்குவது மோட்டார் இல்லை. ஓர் ஆள்.

பிறகு கயிற்றின் தலையில் சுமையை அளக்கும் லோடு செல் மாட்டி, சின்னதாக ஒரு டிராப் போட்டுக் காட்டச் சொன்னார். எண்கள் என் எடையைப்போல் நான்கு மடங்குக்கு எகிறி இறங்கின. இது கயிற்றுக்கு மட்டும். கப்பி இருப்பதால் உத்தரத்துக்கு விழும் சுமை ஏறக்குறைய இரட்டிப்பு, ஏனென்றால் நான் இழுக்கும் அளவுக்கு மறுபக்கக் கயிறும் கீழே இழுக்கிறது. இத்தனை வருஷம் கயிற்றில் தொங்கியும் இதை எண்ணாக நான் பார்த்ததில்லை.

மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல அவிழ்க்க ஆரம்பித்தேன். "எதுக்கு அவுக்குறீங்க? காலையில திரும்பக் கட்டவா? இருக்கட்டும்" என்றார்.

இதைத்தான் வெளியே இருப்பவர்களுக்குப் புரியவைக்க முடிவதில்லை. ரெசிடென்சி என்றால் நேரம் கிடைக்கும், அமைதி கிடைக்கும் என்பார்கள். உண்மையில் கிடைப்பது, கட்டியதைக் கட்டியபடியே விட்டுவிட்டுத் தூங்கப்போகும் உரிமை. தினமும் கட்டி, தினமும் அவிழ்க்க வேண்டும் என்றால் மனசு தன்னாலேயே எளிய அமைப்புகளை மட்டும் யோசிக்கப் பழகிவிடும். சர்க்கஸில் பாதிப் படைப்புகள் ஒற்றைக் கயிறு, ஒற்றைக் கம்பம் என்று இருப்பதற்குக் கலைக் காரணம் தேட வேண்டாம். இருபது நிமிடத்தில் மாட்டிக் கழற்ற முடிவது அதுதான்.

மார்ச் 6, வியாழன்

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கூடம் என் கையில். உடம்பு தருவது மூன்று மணி நேரம், அதுவும் பிரித்துப் பிரித்துத்தான். முன்கை கல்லாகிவிட்டால் பிடி நழுவும். அதற்குமேல் ஏறுவது வீரம் இல்லை, முட்டாள்தனம். மீதி நேரம் எல்லாம் வீடியோ பார்ப்பதும் தரையில் படுத்துக் கூரையைப் பார்ப்பதும்தான். முதல் இரண்டு நாள் இது குற்ற உணர்ச்சியாக இருந்தது. இன்று கவனித்தேன், எடுத்த முடிவுகள் எல்லாம் தரையில் கிடந்த நேரத்தில் எடுத்தவை.

அமெரிக்காவில் 1907-இல் தொடங்கிய மெக்டவல் கலைஞர் குடியிருப்பில் மதியச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து குடில் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எழுதுகிறவருக்கு இடைஞ்சல் கூடாது என்று. எழுத்தாளருக்கு அது வரம். கயிற்றுக்காரருக்கு அப்படியொரு தனிமை கொடுத்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட ஆள் இருக்காது. இந்த இடத்தில் ஆள் இல்லாமல் யாரும் உயரத்தில் வேலை செய்யக்கூடாது என்பது விதி. அதனால் அடுத்த அறையில் தங்கியிருக்கும் ஜக்ளர் (பந்துகளை எறிந்து பிடித்து வித்தை காட்டுபவர்) எனக்குக் காவல், நான் அவருக்குப் பந்து பொறுக்கி. அவருடைய படைப்பு என் படைப்புக்குள் எட்டிப்பார்ப்பதை இந்த விதி தவிர்க்க முடியாததாக்கிவிடுகிறது.

மார்ச் 7, வெள்ளி

உள்ளங்கை உரிந்துவிட்டது. இன்று ஏறவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. ஜக்ளரோடு நெடுநேரம் பேச்சு. ஐட்டம் ஏன் ஏழு நிமிடம், சர்க்கஸ் வளையத்தின் குறுக்களவு ஏன் சுமார் பதின்மூன்று மீட்டர் என்பதில் ஆரம்பித்தது.

வளையத்தின் கணக்கு குதிரையுடையது. ஃபிலிப் ஆஸ்ட்லி 1768-இல் லண்டனில் குதிரைமேல் நின்று வித்தை காட்டத் தொடங்கினார்; வட்டத்தின் குறுக்களவு பின்னால் 42 அடியில் நிலைத்தது. வட்டத்தில் ஓடும் குதிரை உள்பக்கம் சாயும், அந்தச் சாய்வு மேலே நிற்பவருக்குச் சமநிலை தரும். குதிரை போய் எவ்வளவோ காலம் ஆகியும் வளையம் அப்படியே நின்றது. ஐட்டம் ஐட்டமாக அடுக்கும் வழக்கமும் நின்றது. அதை உடைக்க வேறு வகையான இடங்கள் தேவைப்பட்டன. பிரான்சில் 1985-இல் ஷாலோனில் தேசிய சர்க்கஸ் கலைப் பள்ளி நிறுவப்பட்டது. நடன அமைப்பாளர் ஜோசஃப் நாஜ் 1995-இல் அந்தப் பள்ளியில் படிப்பை முடித்த மாணவர்களோடு செய்த நிகழ்ச்சியைத்தான் எங்கள் ஆட்கள் இன்றும் திருப்புமுனை என்கிறார்கள். முழு மாலையும் ஒரே படைப்பாக ஓடியது அது, ஐட்டங்களின் வரிசையாக இல்லை.

பள்ளி மட்டும் போதாது, படித்து முடித்தவர் உருவாக்க இடம் வேண்டும். பிரான்சில் இப்போது தேசிய சர்க்கஸ் மையம் என்று அரசு அங்கீகாரம் பெற்ற இல்லங்கள் பல. ஷெர்பூர்க்கில் உள்ள லா பிரெஷ், எல்பூஃபில் 1892-இல் கட்டிய பழைய சர்க்கஸ் அரங்கு இரண்டும் அதில் ஜோடியாக இயங்குகின்றன. பார்சிலோனாவில் லா சென்ட்ரல் டெல் சிர்க் இருக்கிறது. வளரும் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து இதுபோன்ற இல்லங்களுக்கு அனுப்பும் சர்க்கஸ்நெக்ஸ்ட் திட்டம் ஐரோப்பா முழுக்க ஓடுகிறது. அதில் ஒன்று எனக்குப் பிடிக்கும்: முடிந்த படைப்பைக் கேட்காமல், முடியாததன் ஒரு துண்டைக் காட்டச் சொல்லித்தான் தேர்வு.

ஜக்ளர் உடனே பியா மெனாரைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். ஜக்ளருக்கு மெனார் தெய்வம். ஜக்ளிங்கிலிருந்து வந்த மெனார், பிடித்துவைக்க முடியாத பொருள்களோடு வேலை செய்யவேண்டும் என்று 2008 வாக்கில் பனிக்கட்டியை எடுத்தார், அப்புறம் காற்றை. வட்டமாக மின்விசிறிகளை வைத்து, நடுவில் பிளாஸ்டிக் பைகளைப் பறக்கவிட்டு ஆடவைத்தார். "இதை எவனாவது மணிக்கணக்கு வாடகைக் கூடத்துல கண்டுபிடிச்சிருப்பானா?" என்றார் ஜக்ளர். எந்த விசிறி எந்தக் கோணத்தில், பையின் காது எவ்வளவு வெட்டினால் மேலே நிற்கும் என்பதெல்லாம் வைத்துவைத்துப் பார்த்துத்தான் தெரியும். நேற்று வைத்த விசிறி இன்றும் அதே இடத்தில் இருந்தால்தான் முடியும். நான் செவ்வாய்க்கிழமை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்றைய நாளை விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

இதுவரை ரிக்கர் டிசெண்டரோடு கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்றார். வேகம் பொருந்தவே இல்லை. நான் ஒரு பிடி மேலே போனால் கயிறு ஒன்றரைப் பிடி இறங்கும். உடம்பு முப்பது சென்டிமீட்டர் தாழும், பிறகு எழும்பும். குரல் கொடுத்துப் பார்த்தோம், எண்ணிப் பார்த்தோம், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துப் பார்த்தோம். மெட்ரோனோம் வைத்தபோது உடற்பயிற்சி வகுப்பு மாதிரி இருந்தது.

மதியத்துக்கு மேல் ரிக்கர் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "உங்க கை தெரியாம நான் எப்படி இறக்குறது?" அவ்வளவுதான். முக்காலி போட்டு, கயிறு போகும் பாதைக்கு நேரே உட்கார்ந்து, என் வலது கையையே பார்த்தபடி கைப்பிடியை இழுத்தார். நான் பிடியை மாற்றத் தோள்பட்டையை அசைக்கும்போதே அவர் மணிக்கட்டு அசைந்தது. கயிறு நழுவியது. நான் அங்கேயே இருந்தேன். காலில் கயிற்றைச் சுற்றிப் போட்ட பூட்டை அவிழ்த்து மறுபடி போடும்போது கயிறு நின்றது. கீழே பருத்திக் கயிறு மெத்தையின்மேல் சுருள் சுருளாக விழுந்துகொண்டே இருந்தது. கயிற்றின் தலை என் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்வரை ஏறினேன். இறங்குவதற்கு அதிகமில்லை, இரண்டு மீட்டர் நழுவினால் தரை.

வீடியோவைப் போட்டுப் பார்த்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, ஏனென்றால் கண் என்மேல் நிற்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர்மேல்தான் போகிறது. ஒருவர் உழைத்து ஏறுகிறார், இன்னொருவர் மிகுந்த அக்கறையோடு அவரை ஏறவிடாமல் வைத்திருக்கிறார். அந்த அக்கறை அன்பா, கொடுமையா என்று சொல்லமுடியவில்லை. நான் மாதக்கணக்காகத் தனிநபர் படைப்பு என்று விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தது இருவர் படைப்பாகிவிட்டது. இதை எந்த விண்ணப்பத்திலும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. ஆனால் எல்லா விண்ணப்பமும் அதைத்தான் கேட்கிறது: "படைப்பின் இறுதி வடிவத்தை விவரிக்கவும்."

மார்ச் 13, வியாழன்

நாளைக்கு வெள்ளோட்டம், அழைப்பாளர்கள் முப்பது பேர் போல. இதில் எனக்கும் நிர்வாகத்துக்கும் சின்ன இழுபறி. கடைசி நாள் எதையாவது காட்டியாக வேண்டும் என்பது பல இடங்களில் நிபந்தனை. காட்டவேண்டும் என்று தெரிந்தாலே வேலை ஐட்டத்தின் பக்கம் சாய ஆரம்பித்துவிடும். நேற்றே நான் முடிவில் ஒரு டிராப் வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. காட்டுவதையே நிறுத்து என்று சொல்லவில்லை, முடிந்த மாதிரி வேஷம் போடச் சொல்லாதீர்கள் என்றேன். பன்னிரண்டு நிமிடம், வேலை விளக்கு, இசை கிடையாது என்று ஒத்துக்கொண்டார்கள்.

மார்ச் 14, வெள்ளி

காட்டியாயிற்று. கருத்துக் கேட்டது லிஸ் லெர்மன் முறையில். அமெரிக்க நடன அமைப்பாளரான அவர் 1990-இல் வகுத்த முறை. முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது அழுத்தமாகப் பட்டது என்று சொல்வார்கள். அடுத்து கலைஞர் கேட்பார். பிறகு பார்வையாளர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் அபிப்பிராயத்தை ஒளித்துவைக்கக்கூடாது. அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் கலைஞரிடம் அனுமதி கேட்டு. படிக்கும்போது பள்ளிக்கூட ஒழுங்கு மாதிரி இருக்கும். அனுபவித்தால் தெரியும், "எனக்கென்னமோ" என்று ஆரம்பிக்கும் ஆட்களிடமிருந்து அது எப்படிக் காப்பாற்றுகிறது என்று.

ஒரு பெண்மணி கேட்டார்: "அவர் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" கருவி பூட்டிக்கொள்ளும், கயிறு நிற்கும், நான் மேலே போய்விடுவேன். அதாவது, அவர் கைவிட்டால்தான் நான் உயர்வேன். எனக்கும் ரிக்கருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். படைப்பின் இரண்டாம் பாதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

கட்டிவைத்ததை எல்லாம் நேற்று அவிழ்த்தோம். இனி காசு விஷயம், அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இங்கே தங்குமிடம், கூடம், பயணச் செலவு, ஒரு சிறு ஊதியம் எல்லாம் கொடுத்தார்கள். கூடத்தை மட்டும் இலவசமாகத் தந்துவிட்டு அதையும் ரெசிடென்சி என்று சொல்லும் இடங்கள் நிறைய. அந்த நாட்களில் கலைஞர் நிகழ்ச்சி எதுவும் ஒத்துக்கொள்ள முடியாது, வீட்டு வாடகையும் நிற்காது. அப்புறம் யார் வருவார்கள்? வசதி உள்ளவர்கள் வருவார்கள். பிரான்சில் மேடைக் கலைஞர்கள் 12 மாதத்தில் 507 மணி நேரச் சம்பள வேலையைக் காட்டினால் வேலையில்லா நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. சம்பளத்தோடு நடக்கும் ஒத்திகையும் அந்தக் கணக்கில் சேரும். அங்கே புது சர்க்கஸ் அவ்வளவு செழித்ததற்கு அழகியல் காரணம் சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இன்னொரு சிக்கல், ஒரு படைப்பை ஒரே இடத்தில் முடிக்க எவரும் விடுவதில்லை. இரண்டு வாரம் இங்கே, இரண்டு வாரம் வேறெங்கோ. ஒவ்வொரு தடவையும் புது உத்தரம், புது உயரம், புது ரிக்கர். என் விஷயத்தில் ரிக்கர் மாறினால் படைப்பே மாறிவிடும்.

அதனால் அடுத்த விண்ணப்பத்தில் தனிநபர் என்பதை அடித்துவிட்டு இருவர் என்று போட்டிருக்கிறேன். அவருடைய ஊதியம் தொழில்நுட்பச் செலவில் இல்லை, கலைஞர் ஊதியத்தில் இருக்கிறது. "நான் எப்போ கலைஞர் ஆனேன்?" என்று கேட்டுவிட்டு, தேதிகளைப் பார்த்துச் சரி என்றார். கூரை குறைந்தது ஒன்பது மீட்டர், அமைப்பு இரவிலும் அப்படியே இருக்கவேண்டும், கடைசி நாள் காட்டல் கட்டாயம் ஆகக்கூடாது என்று தனித்தாளில் எழுதி இணைத்தேன். இறுதி வடிவத்தை விவரிக்கச் சொன்ன கட்டத்தில் அந்தப் பெண்மணியின் கேள்வியை அப்படியே போட்டுவிட்டேன். பதில் வர மே மாதம் ஆகும் என்கிறார்கள்.