பங்குத் தோட்டத்துப் பாகல்: பழ ஈயை வெல்ல மூன்று பட்டம்

கடந்த ஞாயிறு திருப்பலியின் காணிக்கைப் பவனியில், அப்பத்திற்கும் திராட்சை இரசத்திற்கும் பின்னால், எங்கள் தோட்டத்துப் பாகற்காய் ஒரு கூடை நிறையப் பீடத்திற்குச் சென்றது. அந்தக் கூடையில் சொத்தைக் காய் ஒன்றுகூட இல்லை. சென்ற ஆடிப்பட்டத்திலும் அதற்கடுத்த தைப்பட்டத்திலும் பாதிக்கு மேற்பட்ட காய்களைப் பழ ஈக்குப் பறிகொடுத்த எங்களுக்கு இது பெரிய மகிழ்ச்சி.

திண்டுக்கல்லுக்கு அருகே, ஆலயத்தின் பின்புறம் மாதா கெபியை ஒட்டிய 12 சென்ட் நிலத்தில்தான் இந்தத் தோட்டம் இருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் படைப்பைப் பேணுவது குறித்து 2015-ஆம் ஆண்டு எழுதிய சுற்றுமடலை அன்பியக் கூட்டங்களில் (பங்கு மக்களின் சிறு குழுக்களே அன்பியங்கள்) வாசித்ததிலிருந்து பிறந்த முயற்சி இது. நாளுக்கு ஓர் அன்பியம் என்ற முறையில் தண்ணீர் பாய்ச்சுகிறோம். விளைச்சலில் பாதி வின்சென்ட் தே பால் சபை கவனித்துவரும் குடும்பங்களுக்குப் போகிறது.

முதல் பட்டத்தில் நடந்த தவறு, ஈயைப் பொறிக்குள் இழுக்க வைக்கும் கவர்ச்சிப் பொருளில் இருந்தது. ஏக்கருக்கு 10 பொறிகள் என்ற பொதுவான பரிந்துரைப்படி எங்கள் நிலத்திற்கு இரண்டு போதும் என்று கணக்கிட்டு, கடையில் பாகலுக்கென்று தெளிவாகச் சொல்லித்தான் வாங்கினேன். பொறியில் நாள்தோறும் ஈக்கள் குவிந்தன. பந்தலிலோ காய்கள் மஞ்சளாகிக் கோணி உதிர்ந்தன. ஈக்கள் இவ்வளவு விழுந்தும் காய் ஏன் அழுகுகிறது என்று ஒரு மாதம் குழம்பிய பிறகே பொறியைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு ஈயாகப் பார்த்தேன். பாகலைத் துளைக்கும் ஈயின் முதுகில் இரு பக்கக் கோடுகளோடு நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். பொறியில் கிடந்தவற்றுக்கு அந்த நடுக்கோடே இல்லை. அவை குருமனை வாசலில் நிற்கும் மாமரத்தையும் கொய்யாவையும் நாடி வந்த ஈக்கள். கடைக்காரர் கொடுத்தது மா, கொய்யா ஈக்களுக்கான மீத்தைல் யூஜினால். கொடிக்காய்களுக்கு வேண்டியது கியூலூர். இரண்டையும் ஒரே நிறத் தாளில் பொதிந்து விற்பதைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. வாங்குகிறவர்கள் உறையின் மேல் இருக்கும் பெயரை எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

தைப்பட்டத்தில் சரியான பொறியை மாட்டியும் சேதம் ஓரளவுதான் குறைந்தது. கியூலூர் ஆண் ஈக்களை மட்டுமே ஈர்க்கும் என்பதும், காயைத் துளைத்து முட்டையிடுவது பெண் ஈ என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தன. கண்ணுக்குத் தப்பியது உரக்குழி. நீர் பாய்ச்ச வந்தவர்கள், வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், சொத்தைக் காய்களைப் பொறுக்கிக் குழியில் போட்டு வந்திருக்கிறார்கள். ஒருநாள் மறைக்கல்வி வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அண்ணே, இதுல புழு துள்ளுது பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினாள். பிளந்து கிடந்த காயிலிருந்து வெள்ளைப் புழுக்கள் வில்லாக வளைந்து வளைந்து தெறித்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ பத்து நாளில் ஈயாக வெளியேறும். பந்தலிலிருந்து பதினைந்தடி தொலைவில் ஈப் பண்ணை ஒன்றையே நாங்கள் நடத்தி வந்திருக்கிறோம். இப்போது சொத்தைக் காய்கள் அனைத்தும் தடித்த பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டப்பட்டு, ஒரு வாரம் வெயிலில் வெந்த பிறகே குழிக்குப் போகின்றன. ஏழு அன்பியங்களுக்கும் இதை நேரில் போய் விளக்கினேன். அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டதைவிட அதுவே பலன் தந்தது.

இந்த ஆடியில் இவற்றோடு காகித உறையையும் சேர்த்தோம். பூவிதழ் வாடி, பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்ததும் உறையிட வேண்டும். அதற்கு முன் மூடினால் தேனீ வராமல் பிஞ்சு வெம்பும். இரண்டு நாள் தாமதித்தால் ஈ முந்திக்கொள்ளும். உறை செய்வது எளிது, கட்டுவதில்தான் சிக்கல். ஸ்டேப்ளர் அடித்தபோது காற்றில் உறை ஆடிக் காம்பு ஒடிந்தது. நூல் காம்பை அறுத்தது. கடைசியில், பீடத்துக்கு மாலை கட்டும் அக்கா, நனைத்த வாழைநாரை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சே போடாமல், நுனியைச் சுற்றுக்குள் செருகிக் காட்டினார். ஈரம் காய்ந்ததும் நார் தானாக இறுகுகிறது. பறிக்கும்போது நுனியை இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும். அவர் விரல்களுக்கு அரை நிமிட வேலை, எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் பிடிக்கிறது. நாளிதழ்த் தாளை இரட்டையாக மடித்தால் தூறலையும் தாங்குகிறது. உறைக்குள் வளரும் காய் வெளிறிய பச்சையாகத் தெரியும். முற்றிவிட்டதென்று எண்ண வேண்டாம்.

இதற்கிடையே, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வெளியில் பூ வாங்கக் கூடாது என்ற எண்ணத்தில், ஆகஸ்ட் தொடக்கத்திலேயே செண்டுமல்லிக்கு நாற்று விட்டுவிட்டோம். நாற்று இப்போது பாத்தியில் வேர் பிடித்து நிற்கிறது. பூ முடிந்ததும் செடியை அங்கேயே மடக்கி உழுதுவிட்டு, தைப்பட்டத்தில் அதே இடத்தில் தக்காளி போட வேண்டும்; சென்ற முறை தக்காளி வேரில் நூற்புழு முடிச்சுகளைப் பார்த்தோம், செண்டுமல்லி மண்ணில் அந்தப் புழுவைக் குறைக்கும்.

பாகல் பந்தலில் இன்னும் மூன்று பறிப்பாவது இருக்கிறது. வடக்கு ஓரத்துக் கொடிகளில் நேற்று எண்ணியபோது உறையிடாத பிஞ்சுகள் முப்பத்திரண்டு. நாளை காலைத் திருப்பலி முடிந்ததும் அவற்றைக் கட்ட வேண்டும். வாழைநாரை இன்றிரவே ஊறப்போட்டுவிட்டேன்.