பத்து விழுக்காட்டின் கணக்கு

2001இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் பிறந்து, 2005இல் பிபிசியில் ‘டிராகன்ஸ் டென்’ ஆகவும் 2009இல் அமெரிக்காவில் ‘ஷார்க் டேங்க்’ ஆகவும் வளர்ந்த, தொழில் நடத்துவோர் பங்கு தந்து முதலீட்டாளர்களிடம் பணம் கேட்கும் நிகழ்ச்சி வடிவத்தைக் கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் வீட்டில் அனைவரும் சேர்ந்து பார்க்கிறோம். அதில் என்னை ஈர்ப்பது முதலீட்டாளர்களின் பகட்டு அன்று, மதிப்பீட்டைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விதான். ஓர் இலட்சம் ரிங்கிட்டுக்குப் பத்து விழுக்காடு பங்கு தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், தம் தொழிலின் மதிப்பு பத்து இலட்சம் என்று சொல்லிவிட்டார். ஆண்டு இலாபம் முப்பதாயிரம்தான் என்றால், அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரிடம் விடை இருக்க வேண்டும்.

தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு விற்கும் என் சின்னம்மாவிடம் கணக்குக் கேட்டேன். மாவு, எண்ணெய், எரிவாயு, பிளாஸ்டிக் போத்தல் என அனைத்தையும் காசு பிசகாமல் சொன்னவர், விடியற்காலையில் எழுந்து அடுப்படியில் நிற்கும் தம் உழைப்புக்கு ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) எழுதவில்லை. நம் பெண்கள் நடத்தும் வீட்டுத் தொழில்கள் பல இலாபம் தருவதாகத் தோன்றுவது, இந்த விடுபட்ட உழைப்புக் கணக்கினால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

திரையில் கைகுலுக்கியதும் பணம் வந்துவிடுவதில்லை. கணக்குகளைச் சரிபார்த்த பிறகே ஒப்பந்தம் உறுதியாகும், பல அந்தக் கட்டத்திலேயே முறிந்தும் விடுகின்றன. மறுபுறம், 2013இல் ‘டோர்பாட்’ என்னும் வாசல்மணிக் கருவியோடு ‘ஷார்க் டேங்க்’கிற்கு வந்த ஜேமி சிமினாஃப், முதலீட்டாளர் கெவின் ஓலியரியின் நிபந்தனைகளை ஏற்காமல் வெறுங்கையோடு திரும்பினார். பின்னர் ‘ரிங்’ எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2018இல் அமேசான் வாங்கியது.

சின்னம்மா இந்த ஆண்டு தம் கூலியையும் கணக்கில் சேர்க்கிறார். போத்தலுக்கு இரண்டு வெள்ளி கூடும். வாங்குபவர்கள் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டுகிறேன்.