முடி கொட்டினாலும் குழி இருக்கும்

என்ன வேலை பாக்குறேன்னு யாராவது கேட்டா ஈ பாக்குறேன்னு சொல்லுவேன், அப்ப ஈ ஓட்டிட்டு இருக்கேன்னு சொல்லுன்னு சிரிப்பாங்க. நான் பாக்குறது டக்கினிட் ஈ, கம்பளிப்புழு மாதிரி பூச்சிங்க உடம்புக்குள்ள வளர்ந்து உள்ளயே தின்னு தீர்த்துட்டு வர்ற கூட்டம். பேர் வச்சதே 8,000 இனத்துக்கு மேல, பாதி நாள் என் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பல் கலர்.

டக்கினிட்தானான்னு பாக்கறது ஈஸி. முதுகு முடியிற இடத்துல ஸ்கட்டெல்லம்னு ஒரு முக்கோணத் தகடு, அதுக்கு அடியில குட்டித் தொப்பை மாதிரி உப்பி இருந்தா டக்கினிட், சதை ஈக்கு அந்த உப்பல் இருக்காது. அதுல எந்த இனம்னு கண்டுபிடிக்கறதுலதான் வம்பு. கண்ணுல முடி இருக்கா, ஸ்கட்டெல்லம் ஓரத்துல எத்தனை ஜோடி முள்முடி, நெஞ்சுப் பக்கத்துல மூணா நாலான்னு எண்ணிட்டே இருக்கணும் (முடியோட இன்னொரு பேரை எழுதினா திட்டுற மாதிரி இருக்கும், விடுங்க).

சேர்ந்த புதுசுல மூணு எண்ணி ஒரு பேட்ச் முழுக்க லேபிள் எழுதிட்டேன். சீனியர் மேடம் ஒண்ணை எடுத்து லைட்டை நல்லா கீழ சாச்சு வச்சு, "முடிய எண்ணாதப்பா, குழிய எண்ணு"ன்னாங்க. பாத்தா அழகா வட்டமா ஒரு குழி, பக்கத்துல இருக்கற பொடிமுடி குழிய விட நல்லா பெருசு, முடி மட்டும் பூச்சி பிடிக்கிற பொறியில இருந்த ஆல்கஹால்ல உரசி உதிர்ந்திருக்கு. நாலுதான். அத்தனை லேபிளும் கிழிச்சாச்சு.

ஆண் ஈயா இருந்தா ஒரு வழி இருக்கு, வயித்து நுனிய கழட்டி 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல சூடு பண்ணி சதைய கரைச்சுட்டு கிளிசரின்ல வச்சு ஜெனிட்டாலியா, அதாவது இனப்பெருக்க உறுப்போட வடிவத்த பாக்கலாம், முடிய விட இதைத்தான் நான் நம்புவேன். ஒரு தடவை போன் வந்துச்சுன்னு போயிட்டு வந்து பாத்தா கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, ஒண்ணும் தெரியல. இதுவும் முழுசா காப்பாத்தாது. கோஸ்டா ரிகாவுல 2,134 ஈக்கு டிஎன்ஏ பார்கோடு (இனத்த அடையாளம் காண உதவுற ஒரு துண்டு டிஎன்ஏ) எடுத்தாங்க, உருவத்த வச்சு 16 இனம்னு நினைச்சதுல 73 தனித்தனி டிஎன்ஏ பரம்பரை வந்துச்சு, 2007ல வந்த பேப்பர்.

இப்ப என் பெட்டியில ஒண்ணு இருக்கு, இடது பக்கம் மூணு, வலது பக்கம் நாலு, ரெண்டு பக்கமும் குழி பாத்தாச்சு, எதுவும் உதிரல. பெண் ஈ வேற. லேபிள்ல பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன்.