கிரிப்பில் முதலில் மாமாவின் பெயர்

இலங்கையில் நம் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் கிரிப் (CRIB) என்கிறோம். கட்டாத கடனோடு அதில் பெயர் விழுந்தால் இனி ஜென்மத்துக்கும் கடன் கிடையாது என்று எங்கள் பக்கம் பலர் நம்பிவிடுகிறார்கள். நானும் அதில் விழுந்து எழுந்தவன்தான். வழி இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

லீசிங்கில், அதாவது நிதி நிறுவனத்தின் தவணைக் கடனில் எடுத்து, மலையகத்து ஹட்டனில் ஓட்டிய ஆட்டோதான் எங்கள் வருமானம். 2020இல் கொரோனா முடக்கம், 2022இல் பெட்ரோல் தட்டுப்பாடு. கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கும் பங்கீட்டு முறை வந்தபோது ஆட்டோவுக்கு வாரம் 5 லீட்டர். இந்த ஏற்றத்தில் அதை வைத்து என்ன ஓட்டுவது? தவணை நின்றது. தவணை கட்டாத வண்டியைப் பறிமுதல் செய்யும் சீசிங்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏலத்தில் விற்றார்கள். அந்தக் காசு கடனை அடைக்கப் போதவில்லை, மீதிக்குத் தாமத வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

ஆட்டோ போனதைவிட மாமாவை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கிறவர்களுக்கு ஈடு வைக்க வீட்டு உறுதி இல்லை. ஒருவருக்கு இன்னொருவர் பிணைக் கையெழுத்து வைத்துத்தான் இங்கே கடன் எடுக்கிறோம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மாமா எனக்காகக் கையெழுத்து வைத்தவர். மகளின் படிப்புக்குக் கடன் கேட்டு அவர் வங்கிக்குப் போனார். பிணையாளி என்ற முறையில் என் கடன் அவர் அறிக்கையிலும் நின்றது. வெறுங்கையோடு திரும்பி வந்தவர், "பார்த்து முடிச்சு விடு மாப்ள" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதலில் வங்கிக் கிளையில் அடையாள அட்டையைக் காட்டி என் கிரிப் அறிக்கைக்கு விண்ணப்பித்தேன். கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வந்தது. அது யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரத்தைத் தொகுத்து வைக்கிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கிதான். இது புரிந்ததுமே பாதி பயம் போய்விட்டது.

அப்புறம் லீசிங் நிறுவனத்திடம் முதல், வட்டி, தாமத வட்டி மூன்றையும் தனித்தனியாக எழுத்தில் கேட்டேன். வாயால் சொன்ன தொகை ஒன்று, எழுத்தில் வந்தது இன்னொன்று. மனைவியின் நகையை விற்றோம், சீட்டுக் காசும் வந்தது. மொத்தமாகக் கட்டுகிறேன், தாமத வட்டியைக் குறையுங்கள் என்று கடிதம் கொடுத்து விடாமல் கேட்டேன். ஒரு பகுதியைக் குறைத்தார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே, இதோடு கடன் முழுதாக முடிகிறது, பிணையாளிக்கும் பொறுப்பு இல்லை என்று எழுதி வாங்கினேன். இந்தக் கடிதம் இல்லாமல் யாரும் காசு கட்ட வேண்டாம்.

கட்டி முடித்த பிறகும் மாமாவின் அறிக்கையில் பழைய நிலுவை அப்படியே இருந்தது. பற்றுச்சீட்டையும் கடிதத்தையும் வைத்து முறைப்பாடு செய்தோம். பணியகம் அதைக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பும். அந்த நிறுவனம்தான் விவரத்தைத் திருத்த வேண்டும். காசு கொடுத்தால் கிரிப்பைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று யாராவது வந்தால் தயவுசெய்து ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள். உண்மையான கடன் வரலாற்றை அவர்களால் அழிக்க முடியாது. பிழை இருந்தால் நீங்களே முறைப்பாடு செய்யலாம்.

மாமாவின் அறிக்கை சரியான பிறகுதான் என் பக்கம் பார்த்தேன். சிறு தொகையொன்றை நிலையான வைப்பில் போட்டு, அதையே ஈடாகக் காட்டி அதே வங்கியில் கடன் எடுத்தேன். யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. காசு அவசரத்துக்காக எடுத்ததல்ல அது. ஒழுங்காகக் கட்டுகிறேன் என்ற பதிவு வேண்டும் என்பதற்காகவே எடுத்தேன். தவணைக் காசு கணக்கிலிருந்து தானாகவே போகும்படி எழுதிக் கொடுத்தேன். இடையில் வேறெங்கும் கடன் கேட்டு அலையவில்லை. எந்தெந்த நிறுவனம் நம் அறிக்கையை எடுத்துப் பார்த்தது என்பதும் அதில் பதிவாகிறது. ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கேட்டால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும்.

மாமாவுக்குக் கடன் கிடைத்து மகள் படிக்கிறாள். எனக்கு இன்னும் லீசிங் தர வங்கி தயங்குகிறது. வைப்புக் கடனை முடித்துவிட்டு வாருங்கள், அதன்பிறகு பார்க்கலாம் என்று முகாமையாளர் சொல்லியிருக்கிறார். அதுவரை வாடகை ஆட்டோதான் ஓட்டுகிறேன்.