பத்திரிகையில் கீறிய பாதங்கள்

1978இல் யாழ்ப்பாணத்தில் நான் எட்டாம் வகுப்பு. அவர் எங்கள் பள்ளிக்கூட உதைபந்தாட்ட முதல் அணியின் தலைவர். எங்களுக்கு அவர் எப்போதும் காப்டன் அண்ணை. பெயர் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் இங்கும் அப்படியே.

ஒருநாள் பயிற்சி முடிந்து, முள்ளுக் குத்திய காலை இழுத்துக்கொண்டு மைதான ஓரமாக நடந்தேன். கூப்பிட்டார். விறாந்தையில் கிடந்த பழைய 'ஈழநாடு' பத்திரிகையை விரித்து, "காலை வை இஞ்ச" என்றார். பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கீறினார். பெருவிரலடியில் மட்டும் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். "வளருற கால்." அடுத்த கிழமை யாரோ போட்டுப் பழசான பூட்ஸ் ஒரு சோடி வந்தது. பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டேன். அதுதான் என் முதல் பூட்ஸ்.

அண்ணை லெஃப்ட் அவுட், இடது ஓரத்தில் ஆடும் முன்வரிசைக்காரர். கோட்டோடு ஒட்டி ஓடி, மூலைக்கொடிக்குக் கிட்டப் போய்த்தான் பந்தை உள்ளே போடுவார். தானே அடிக்கலாம் என்ற இடத்திலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிடுவார். மாவட்ட அணிக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அவர் கொடுத்த பந்தில் கோல் போட்டவர்களைத்தான் ஊர் தோளில் தூக்கியது. எனக்கு இன்றைக்கும் அது மனத்தாங்கல்தான்.

பின்னால் வந்து சேர்ந்த சிங்கப்பூர் அவருக்குப் புதிய ஊர் அல்ல. யாழ்ப்பாணத்தார் பலர் கிளாக்கர் வேலைக்கும் ரயில்வேக்கும் கப்பலேறிய காலத்தில் பேரனார் இங்கே வந்தவர். தகப்பனார் பிறந்ததே பாலஸ்டியர் பக்கம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து குடும்பம் ஊர் திரும்பிவிட்டது. ஆனாலும் 1977 மே 28 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் சமது அல்லாபிச்சை தலைமையில் சிங்கப்பூர் பினாங்கை 3-2 என்று வென்று மலேசியக் கிண்ணத்தை எடுத்தபோது, தகப்பனார் ஒழுங்கை முழுக்கக் கற்கண்டு கொடுத்தாராம்.

1984இல் அண்ணை இங்கே வந்தார். நான் வந்தது 1990இல். 1994 டிசம்பர் 17, ஷா ஆலமில் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் சேர்ந்து பார்த்தோம். சிங்கப்பூர் பாகாங்கை 4-0 என்று வென்றது. கடையே அப்பாஸ் சாட்டின் மூன்று கோலையும் கொண்டாடிக்கொண்டிருக்க, அண்ணை மேசையில் சீனிக் கட்டிகளை வைத்து, ஒவ்வொரு பந்தும் யார் காலிலிருந்து வந்தது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதே அவர் ஃபேரர் பார்க் திடலில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பழக்கத் தொடங்கிவிட்டார். காசு வாங்கியதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அவர் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கட்டுப் பத்திரிகை இருக்கும். எல்லாம் 'தமிழ் முரசு' தாள்கள். தாளுக்கு ஒரு பாதம், பக்கத்தில் பிள்ளையின் பெயர், தேதி. சிலருக்கு ஒரே வருசத்தில் இரண்டு தாள். பழைய பூட்ஸ் கேட்டு அவர் ஏறாத புளோக் இல்லை. கொண்டுவந்து கழுவி, புது நாடா போட்டு, தாளில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்.

போன மாதம் என் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணையால் ஓட முடியாது. கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் முக்காலியில் இருந்துகொண்டு, "விடடா, பந்தை விடடா" என்று கத்துகிறார். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் அதைக் கேட்டவுடன் பந்தைப் பக்கத்துப் பையனுக்குத் தட்டிவிடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் பேரனைக் கிட்டக் கூப்பிட்டார். முக்காலிக்கு அடியிலிருந்து ஒரு 'முரசு' தாளை எடுத்து விரித்தார்.