ஏழு கட்டையில் வழிவிட்ட கட்டைவிரல்

நேற்று காலை 5.40க்குப் பியானோவில் என் வலது கை இடிக்காமல் ஏறி, இடிக்காமல் இறங்கியது. இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி), தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிஷத்துக்கு 60 தட்டு, தட்டுக்கு ஒரு ஸ்வரம். சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு முறை வாசித்தேன். அப்பவும் சரியாகவே வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பால் வைத்தேன். விரல்கள் மேடைமேல் அதையே வாசித்துக்கொண்டிருந்தன. ஏழு மாதம் காத்திருந்த சந்தோஷம், அடக்க முடியவில்லை.

வாசித்தது பி மேஜர். நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் ஏழு கட்டைச் சங்கராபரணம். ஐந்து கறுப்புக் கீயும் வருகிற ஸ்கேல், அதாவது ஸ்வர வரிசை. வெள்ளைக் கீ மட்டுமே வருகிற சி மேஜரே இன்னும் ஒழுங்காக வராத ஒருத்தி அதற்கு ஏன் போனாள் என்பதைத்தான் விவரமாக எழுதப்போகிறேன். வயது நாற்பதைத் தாண்டி, வேலைக்கும் போய்க்கொண்டு கற்கிற யாராவது என் மாதிரி அதே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 21 வருஷமாக டைப்பிஸ்ட். வக்காலத்து, பிரமாணப் பத்திரம், கிரய ஒப்பந்தம் என்று ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது விரல் ஓடும். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் முடித்தவள். பியானோ கற்கப்போகிறேன் என்றதும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "உனக்கென்ன, விரல் தானா ஓடும்." நானும் அப்படித்தான் நம்பினேன்.

எட்டு விரல்களுக்கு அது உண்மை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் தனித்தனியாக அசைவதற்கு மற்றவர்கள் மாதக்கணக்கில் பாடுபடுவார்கள். எனக்கு அது முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது கட்டைவிரலில். இன்ஸ்டிடியூட்டில் வலது கட்டைவிரலை ஸ்பேஸ் பாருக்கு மட்டும் என்று பழக்கிவிட்டார்கள். நின்ற இடத்தில் நேராகக் கீழே விழுந்து எழுவதுதான் 21 வருஷமாக அதன் வேலை. இடது கட்டைவிரலுக்கு அந்த வேலைகூடக் கிடையாது. பியானோவிலோ கட்டைவிரல்தான் ஒன்றாம் விரல். அது பக்கவாட்டில் நகர்ந்து, உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து, அடுத்த வரிசையைத் தொடங்கிவைக்க வேண்டும். என் விரலுக்கு அப்படி ஒரு திசை இருப்பதே தெரியாது.

சி மேஜர் வலது கை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 1 2 3, அப்புறம் 1 2 3 4 5. சின்ன வயதில் இரண்டு வருஷம் பாட்டுக்குப் போனதால் எனக்கு மனசுக்குள் ஸ்வரமாகத்தான் ஓடும். ச ரி க வரைக்கும் சுகமாகப் போகும். ம வந்ததும் ஒரு இடி. நடுவிரல் க-வை அழுத்திக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் அதன் அடியில் போய் ம-வைத் தொட்டாக வேண்டும். வெள்ளைக் கீ ஒன்றின் அகலம் இரண்டேகால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்படியென்றால் ச-விலிருந்து ம-வுக்குக் கட்டைவிரல் ஏழு சென்டிமீட்டர் பயணப்பட வேண்டும். என் விரல் கடைசி நொடி வரை ச-விலேயே உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே தாவாகத் தாவும். அதனால் எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்க, ம மட்டும் யாரோ கதவைத் தட்டியது போல் கேட்கும்.

செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். முதலில் வேகத்தை 40க்குக் குறைத்தேன். மெதுவாகவும் இடித்தது. புறங்கையில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, விழாமல் வாசிக்கும் பழைய பயிற்சி ஒன்று உண்டே, அதை மூன்று வாரம் செய்தேன். நாணயம் விழவில்லை, ஆனால் அதைக் காப்பாற்றுவதற்காக மணிக்கட்டு இறுகிப்போய்க் கட்டைவிரலின் அடியில் வலி வந்துவிட்டது. அலுவலகத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டினாலே சுள்ளென்றது. பத்து நாள் பியானோவையே மூடி வைத்தேன். நாணயப் பயிற்சியை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். வலி வந்தால் நிறுத்துங்கள்; நமக்குச் சோறு போடுவதும் இதே கைதான்.

உருப்படியாக உதவியது போன். டிபன் பாக்ஸில் சாய்த்து, கீயின் மட்டத்துக்கு வைத்து, பக்கவாட்டிலிருந்து ஸ்லோ மோஷனில் எடுத்தேன். அதில்தான் இரண்டு விஷயம் தெரிந்தது. க-விலிருந்து ம-வுக்குப் போகும்போது என் முழங்கை வெளிப்பக்கம் ஒரு துள்ளு துள்ளுகிறது. அதோடு, ரி-யை அழுத்திய உடனே கிளம்பியிருக்க வேண்டிய கட்டைவிரல், க முடிந்த பிறகுதான் கிளம்புகிறது. கோளாறு இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஆனாலும் விரல் கேட்கவில்லை. இரண்டு மாதம் இப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிக்குப் பாடத்துக்குப் போகிறேன். ஆல்பேட்டை தாண்டி, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் போகிற நேரமெல்லாம் மடியில் கைப்பையை வைத்து அதன்மேல் விரல் ஓட்டிக்கொண்டே போவேன். டீச்சர் வீடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இருதய ஆண்டவர் பசிலிக்காவிலிருந்து நடந்து போகிற தூரம். பல வருஷம் பாடற்குழுவுக்கு வாசித்தவர். என் சி மேஜரைக் கேட்டுவிட்டு, புத்தகத்தை மூடி வைத்தார்.

"பி மேஜர் வாசிம்மா."

"சி-யே வரலையே டீச்சர், பி எப்படி?"

"சி வராததனாலதான் பி. கையை வை, பாப்போம்."

வலது கைக்கு விரல் எண் மாறவே இல்லை. ச ரி க-வுக்கு 1 2 3, ம-வில் மறுபடி 1. ஆனால் கை நிற்கிற நிலம் மாறிவிடுகிறது. ரி-யும் க-வும் கறுப்புக் கீ. ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே தூக்கி நிற்கிறவை, கொஞ்சம் உள்ளேயும் தள்ளி இருக்கிறவை. நீளமான நடுவிரல்கள் அந்த மேட்டில் ஏறி நிற்கும்போது உள்ளங்கைக்கு அடியில் தானாக ஒரு சந்து திறக்கிறது. கட்டைவிரல் அந்தச் சந்துக்குள் வெள்ளைக் கீயின் மேலேயே வழுக்கிக்கொண்டு போய் ம-வில் நின்றுவிடுகிறது. மணிக்கட்டைத் தூக்க வேண்டாம், முழங்கை துள்ள வேண்டாம். சி மேஜரில் எல்லாமே ஒரே சமதளம் என்பதால் அந்த இடைவெளியை நாமாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கைக்குப் பழக்கமே இல்லாதபோது அது எப்படி வரும்?

பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் தன்னிடம் படிக்க வந்தவர்களுக்கு முதலில் கொடுத்த ஸ்கேல் இதுதானாம், டீச்சர் சொன்னார். நீள விரல்களுக்குக் கறுப்புக் கீ, குட்டை விரல்களுக்கு வெள்ளைக் கீ. கை இயல்பாக விழுகிற இடம் அதுதான் என்பது ஷோப்பானின் எண்ணம். படிக்க எளிதான சி மேஜரை, கைக்குக் கடினமானது என்று கடைசிக்குத் தள்ளிவிடுவாராம். இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை மாதமும் நான் எளிதானது என்று நினைத்த ஒன்றில் தோற்றுக்கொண்டிருப்பதாக நம்பியிருந்தேன்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் கட்டைவிரலை வேறு வழியில்லாத நீட்டல்களுக்கு மட்டும்தான் பயன்படுத்தினார்களாம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மகன் கார்ல் பிலிப் இம்மானுவேல் 1753இல் வெளியிட்ட கையேட்டில் கட்டைவிரலை முதன்மை விரலாக வைக்கச் சொல்லி வாதாடியிருக்கிறார். ஆக, கட்டைவிரலைப் பழக்குவது பெரிய பெரிய ஆட்களுக்கே ஒரு வேலையாக இருந்திருக்கிறது.

வீட்டில் செய்த பயிற்சி இதுதான். முதல் மூன்று ஸ்வரத்தையும் ஒன்றாக, கொத்தாக அழுத்துவது. அப்புறம் கையை அப்படியே நகர்த்தி அடுத்த நான்கையும் கொத்தாக அழுத்துவது. கொத்து 1-2-3, கொத்து 1-2-3-4. ஓசை கர்ணகடூரம்தான், ஹெட்ஃபோன் புண்ணியம். கை எங்கிருந்து எங்கே போகிறது என்பது உடம்புக்குத் தெரிந்த பிறகு கொத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்தால் பாதி இடி காணாமல் போகிறது. மீதியைத் தீர்த்தது, ரி-யை அழுத்தும்போதே "கிளம்பு" என்று வாய்விட்டுச் சொன்னது. பத்தொன்பது நாள், தினமும் 25 நிமிஷம். இருபதாவது நாள்தான் நேற்று.

இறங்கும்போது நடுவிரல் கட்டைவிரலைத் தாண்டி க-வில் விழ வேண்டும். ஏறுவதை விட எனக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

இருக்கை விஷயத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் முழங்கை துள்ளியதற்கு அதுவும் ஒரு காரணம். பிளாஸ்டிக் நாற்காலி எனக்குத் தாழ்வு. முழங்கை கீயின் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் கட்டைவிரல் உள்ளே போவதற்கே மணிக்கட்டை வளைக்க வேண்டும். அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய சட்ட இதழ்களின் பைண்டு வால்யூம் இரண்டைக் கேட்டு வாங்கிவந்து, மேலே ஒரு தலையணை உறையைச் சுற்றிப் போட்டிருக்கிறேன். சரியான உயரம். பியானோ பெஞ்ச் வாங்குகிற திட்டத்தை அதோடு கைவிட்டேன்.

முதலில் 61 கீ உள்ள பழைய கீபோர்டு ஒன்றை 4,000 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தேன். அதில் கீ தொட்டாலே இறங்கும், டைப் அடிப்பது மாதிரியே இருக்கும், அதனால் பழைய பழக்கம் அப்படியே தொடர்ந்தது. சீட்டு எடுத்து 88 கீ உள்ள டிஜிட்டல் பியானோ வாங்கிய பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. நிஜப் பியானோவில் ஒரு கீயை இறக்க 50 கிராம் எடை அளவுக்கு அழுத்தம் வேண்டும், அது சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும். அந்த எடை இருக்கிற ஒன்றில் பழகாவிட்டால் டீச்சர் வீட்டில் உட்காரும்போது கை திணறுகிறது. புத்தகம் வேண்டுமென்றால் சென்னைக்குப் போகும்போது அண்ணா சாலையில் 1842இலிருந்து இருக்கிற மியூசி மியூசிகல் என்ற இசைக் கடைக்குப் போகிறேன். கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்குவது எனக்குப் பிடிக்கும்.

ஹெட்ஃபோன் போட்டால் யாருக்கும் கேட்காது என்று நினைப்பவர்களுக்கு: கீ அடிபடுகிற தட் தட் ஓசை தரை வழியாக நன்றாகவே போகும். ஹாலில் படுத்திருக்கிற மாமியார் "விடிகாலையில உளுந்து இடிக்கிறியாம்மா" என்று கேட்டார். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் பழைய ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டதும் சரியானது.

டீச்சர் வீட்டில் இருப்பது பழைய அப்ரைட் பியானோ, கம்பிகள் செங்குத்தாக நிற்கிற வகை. உப்புக் காற்றில் கம்பி துரு ஏறுவதும், ஐப்பசி கார்த்திகையில் கட்டையும் கம்பளியும் ஈரத்தில் ஊதிக் கீ சிக்கிக்கொள்வதும் பாண்டியில் பியானோ வைத்திருக்கிறவர்களுக்குப் புதிதில்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மழைக்கு அப்புறம் அதில் ஆறு கீ எழும்பவே இல்லையாம். அடிப்பலகையைத் திறந்து உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டுத்தான் மெல்ல மெல்ல ஈரத்தை எடுத்திருக்கிறார். அந்தப் பல்பு இன்னும் உள்ளே இருக்கிறது. மழைக்காலத்தில் பாடத்துக்குப் போனால் பியானோவின் கால் பக்கம் இதமாகச் சுடும். சுருதி சேர்க்கிற ட்யூனர் சென்னையிலிருந்து வர வேண்டும். இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக முறுக்குவதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க ஆசை. அடுத்த முறை அவர் வரும்போது விடுப்பு எடுப்பதாக டீச்சரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இடது கை இன்னும் பாக்கி. பி மேஜரில் இடது கை நான்காம் விரலில் தொடங்குகிறது: 4 3 2 1, அப்புறம் 4 3 2 1. இதை எழுதிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இந்த ஸ்கேலில் வெள்ளைக் கீ ச-வும் ம-வும் மட்டும்தான். இடது கை தொடங்குகிற முதல் ச-வை விட்டுவிட்டால், ம-விலும் அடுத்த ச-விலும் இரண்டு கட்டைவிரல்களும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. ஆக, இரண்டு கையையும் சேர்த்து வாசிக்கும்போது இதுதான் கைக்கு எளிதாக இருக்க வேண்டும். சி மேஜரில் அப்படி இல்லை, அங்கே இரண்டு கட்டைவிரல்களும் வேறு வேறு நேரத்தில் திரும்பும்; நடுவிரல்கள்தான் க-விலும் த-விலும் சேரும்.

டீச்சர் இடது கையைத் தனியாக இரண்டு வாரம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. இன்று காலை கடைசி ஐந்து நிமிஷம் இரண்டு கையையும் சேர்த்து, 40 வேகத்தில், ச-விலிருந்து ம வரைக்கும் மட்டும் போய்ப் பார்த்தேன். இடது கட்டைவிரல் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆனால் வந்தது. வரும் ஞாயிறு டீச்சரிடம் இதை ஒப்புக்கொண்டுவிட்டு, எஃப் மேஜரில் ஏன் நான்காம் விரலுக்கு அப்புறம் கட்டைவிரல் போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.